அந்த 'சாத்தான் பாட்டை' நாமும் முழுதாகக் கேட்டோம்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதி வாசித்துவிட்டு பின்னூட்டம் எழுதாதீர்கள் என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டு வாரத்துக்கு முன்னர் இஷாவுக்குப் பிறகு ஒரு தகப்பன் எமது வீட்டுக்கு வந்தார். மகன் இந்த வருடம் ஓ/எல் எழுதுகிறவன். மகனுடைய போன் தகப்பனின் கையில் இருந்தது. "சேர், இவன் ராவைக்கு ஹெட்செட்டப் போட்டுக்கிட்டு பேய் கத்துற மாதிரி ஒண்டக் கேக்கிறான். இந்தப் படத்தப் பாருங்க" என்று நீட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். முகத்தில் வெள்ளைப் பூச்சும் கண்ணைச் சுற்றிக் கறுப்பும். கையில் மெழுகுதிரித் தண்டு. வாயைப் பிளந்து கத்துகிறான் ஒருவன். அந்த உம்மாவும் வாப்பாவும் பயந்ததில் குறை சொல்ல ஏதுமில்லை. நாமும் முதலில் திடுக்கிட்டோம்.

அதற்குள் விசயம் ஊர் வாட்ஸ்அப் குழுமத்துக்குப் போய்விட்டது. 'எமது பிள்ளைகளிடம் சாத்தான் வணக்கம் பரவுகிறது' என்ற குரல் பதிவை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பேசியவர் அந்தப் பாட்டை அரை நிமிடம்கூடக் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்காமல் பேசுவது எமது நாட்டில் எங்கே கொண்டுபோய் விடும் என்று எமக்குத் தெரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் கொத்துரொட்டிக்குள் மலட்டு மாத்திரை என்று ஒரு கதை கிளம்பியது. அன்றிரவே பள்ளிவாசல் தாக்கப்பட்டது. 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு சகோதரி, உடுப்பில் கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்டிருந்ததற்காக, அது தர்ம சக்கரம் என்று சொல்லிக் கைது செய்யப்பட்டார். துணியில் இருந்த படத்தைப் பார்த்தவர்கள் அது என்ன படம் என்று ஒரு தரம் விசாரித்திருக்கலாம். அந்த அநியாயத்துக்கு ஆளான சமூகம் நாம். ஒரு அட்டைப் படத்தை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குத் தீர்ப்புச் சொல்ல எமக்கு மனம் வரவில்லை.

அதனால் கேட்டோம். ஒரு தடவை அல்ல, நாலைந்து தடவை.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம். அது உலமாக்களின் துறை. எல்லா இசையையும் விட்டு விலகி இருப்பவர்களை நாம் மனதார மதிக்கிறோம். ஆனால் எமது ஊர் ஓட்டோக்களில் என்ன போகிறது, கலியாண வீட்டில் என்ன போகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஏற்கனவே கேட்டுக்கொண்டிருக்கிற ஒரு பிள்ளையிடம் அந்தப் பாட்டில் நல்லது எது, கெட்டது எது என்று பேசக்கூடிய பெரியவர்கள் இருக்கிறார்களா என்பதுதான் எமது பிரச்சினை.

அந்த அல்பத்தின் பெயர் டிரான்சில்வேனியன் ஹங்கர். டார்க்த்ரோன் என்ற நோர்வே குழுவுடையது. 1994 பெப்ரவரியில் வந்தது. எட்டுப் பாட்டு, மொத்தம் 39 நிமிடம். இந்த வகைக்குப் பிளெக் மெட்டல் என்று பெயர். குழு என்று சொன்னாலும் இதில் இருப்பவர்கள் இரண்டே பேர். ஃபென்ரிஸ் என்பவர் கிற்றார், ட்ரம்ஸ் எல்லாவற்றையும் தானே வாசித்திருக்கிறார். நொக்டுர்னோ குல்ட்டோ என்பவர் குரல் மட்டும். பெரிய ஸ்டூடியோ இல்லை. நாலு தடம் மட்டும் பதியக்கூடிய ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியில், 1993இன் கடைசி இரண்டு மாதங்களில் பதிந்தது. அப்போது ஃபென்ரிஸுக்கு வயது 22.

முதலில் எமக்குக் கேட்டது வெறும் இரைச்சல்தான். பழைய ரேடியோவில் ஸ்டேசன் பிடிபடாத சத்தம். மூன்றாவது தடவையில்தான் உள்ளே ஒரு மெட்டு ஓடுவது பிடிபட்டது. கிற்றாரில் ஒரே மெட்டை மிக வேகமாக, விடாமல் உரசிக்கொண்டே போகிறார். ட்ரம்ஸ் முதல் விநாடியில் பிடித்த வேகத்தைக் கடைசி வரை விடுவதில்லை. அலங்காரம் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. ஆனால் அந்த வேகத்துக்குக் கீழே மெட்டு மிக மெதுவாக மாறுகிறது. மருதமுனையில் தறிச் சத்தத்துக்குள் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொன்னால் விளங்கும். நாடா போய்ப் போய் வருகிறது, தடக் தடக் என்று ஒரே சத்தம். வெளியூர்க்காரருக்குத் தலையிடி. தறியில் இருக்கிறவருக்கோ அந்தச் சத்தத்துக்குள் கரை எப்போது வருகிறது, பூ எப்போது விழுகிறது என்று தெரியும். இந்த அல்பத்தின் முதல் பாட்டு அப்படிப்பட்டது. ஆறு நிமிடத்தில் இரண்டு மூன்று மெட்டுக்கு மேல் இல்லை. ஆனால் முடியும்போது மனதில் ஒரு பாரம் தங்குகிறது. கோபமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். இருந்தது சோகம். ஆளில்லாத இடத்தில் பனிக்காற்று அடிப்பது போன்ற சோகம்.

இது வாசிக்கத் தெரியாதவர்களின் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியல்ல. இதே குழு 1991இல் வெளியிட்ட முதல் அல்பமான சோல்சைட் ஜேர்னி டெத் மெட்டல் வகை. ஸ்டொக்ஹோமில் ஒழுங்கான ஸ்டூடியோவில் பதிந்தது. சிக்கலான வாசிப்பு, சுத்தமான ஒலி. அதைச் செய்யத் தெரிந்தவர்கள் 1992லும் 1993லும் இரண்டு அல்பங்களில் படிப்படியாக எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, மூன்றாவதாக இங்கே வந்து நிற்கிறார்கள். இனிக் கழற்ற ஒன்றுமில்லை என்ற இடம் வரைக்கும் போனது இந்த அல்பத்தின் பெரிய பலம். பணம் இல்லாமல், ஆள் இல்லாமல், ஒரு சின்னக் கருவியோடு ஒருவன் தன் மனதில் இருப்பதை அப்படியே வெளியே கொண்டுவர முடியும் என்பதற்கு இது சாட்சி. எமது பாடசாலையில் சித்திரப் பாடத்துக்கு விலை கூடிய வர்ணப் பெட்டி இல்லை என்று அழுகிற பிள்ளைகளுக்கு இந்த ஒரு விசயத்தைச் சொல்லலாம். மற்ற விசயங்களைச் சொல்வதற்கு வயது வர வேண்டும்!

இனிக் குறைகள். சின்னதிலிருந்து தொடங்குகிறோம்.

முதல் நாலு பாட்டுக்கும் பின் நாலு பாட்டுக்கும் தரம் ஒன்றல்ல. ஐந்தாவது வரும்போது காது சலித்துவிடுகிறது. ஒரே வேகம், ஒரே நிறம். முதல் பாட்டில் பலமாக இருந்தது பின்பாதியில் பலவீனமாகிறது. நாலாவது பாட்டோடு நிறுத்தியிருந்தால் நாம் இதைவிடக் கூடப் புள்ளி போட்டிருப்போம். (தாள் திருத்துகிற கை, புள்ளி போடாமல் இருக்க முடிவதில்லை.) குரல் எல்லாப் பாட்டிலும் ஒன்றே. சோகத்தைத் தவிர வேறு எந்த உணர்ச்சிக்கும் இடமில்லை.

பாட்டு வரிகள் பெரும்பாலும் நோர்வே மொழியில். தம்பி மொழிபெயர்ப்பு எடுத்து வைத்திருந்தான். நாம் வாசித்தோம். மலை, முள், மூடுபனி, தூரத்துக் கோட்டை, கல்லறை, காடு. நடுநடுவே சாத்தான். எமக்குப் பயம் வரவில்லை, 22 வயதுப் பிள்ளை பெரியவர்களைப் பயம் காட்டுகிற மாதிரிதான் இருந்தது. ஆறாவது பாட்டின் தலைப்புக்கு 'பன்றி இறைச்சியும் தேன்மதுவும் உள்ள மண்டபத்தில்' என்று பொருள். அந்த விருந்துக்கு எமக்கு அழைப்பு இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தகப்பன் பயந்த அந்த அட்டைப் படமும் சொந்தச் சரக்கல்ல. மேஹெம் என்ற இன்னொரு நோர்வே குழுவின் லைவ் இன் லைப்சிக் அல்பத்தின் அட்டையைப் பார்த்து எடுத்தது. அந்த அட்டையில் இருந்த பாடகர் 1991 ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டவர். அவருடைய சாவை இந்த வட்டத்தினர் ஏதோ வீரச்செயல் போலப் பேசித் திரிந்தார்கள். பெற்றோர் கவனமாக இருக்க வேண்டிய இடங்களில் இது ஒன்று. சாத்தான் படம் பிள்ளையை என்ன செய்யுமோ எமக்குத் தெரியாது. தன்னை மாய்த்துக்கொள்வதை அழகாகக் காட்டும் படம் மனம் நொந்திருக்கிற பிள்ளையை என்ன செய்யும் என்பது வகுப்பறையில் நிற்கிற எவருக்கும் தெரியும்.

இனிப் பெரிய குறைக்கு வருகிறோம். குரல் பதிவில் பேசியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

பின் நாலு பாட்டின் வரிகளையும் எழுதியவர் வார்க் விகெர்னெஸ் என்பவர். இவர் 1993 ஓகஸ்ட் 10ஆம் திகதி மேஹெம் குழுவின் கிற்றார்காரர் யூரோனிமஸைக் கத்தியால் குத்திக் கொன்றவர். கொலைக்கும் தேவாலயங்களுக்குத் தீ வைத்ததற்கும் சேர்த்து 1994 மே மாதம் 21 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இந்த அல்பம் பதியப்பட்டது அந்தக் கொலை நடந்து சில மாதங்கள் கழித்து. அவர் யார், ஏன் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தே அவர் எழுதியதைப் போட்டிருக்கிறார்கள். டார்க்த்ரோனின் இருவரும் இந்தக் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள் அல்ல, அதையும் நீதியாகச் சொல்ல வேண்டும். ஆனால் ஏழாவது பாட்டின் முடிவில் ஒரு குரலைத் தலைகீழாக ஓடவிட்டிருக்கிறார்கள். அதை நேராக்கினால், கடவுளின் பெயரால் தேவாலயங்கள் எரியட்டும் என்று வருகிறது.

நோர்வேயில் அது வெறும் பேச்சாக இருக்கவில்லை. 1992 ஜூன் 6ஆம் திகதி பேர்கன் நகரத்தில் ஃபன்டொஃப்ட் மரத் தேவாலயம் எரிந்தது. 12ஆம் நூற்றாண்டில் கட்டியது. 1883இல் கழற்றிக் கொண்டுவந்து அந்த இடத்தில் மீண்டும் நிறுத்தியிருந்தார்கள். எண்ணூறு வருடத்துக்கு மேல் நின்ற மரம் ஒரு இரவில் சாம்பல். அதற்குப் பின் ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் எரிந்தன.

இதை எழுதும்போது எமது கை நின்றுவிடுகிறது. 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடையில், கட்டுவாப்பிட்டியில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் என்ன நடந்தது என்று நாம் சொல்லத் தேவையில்லை. சீயோனில் போனவர்களில் பலர் சின்னப் பிள்ளைகள். செய்தவர்கள் எமது பெயர்களைத் தாங்கியவர்கள், அதுவும் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிக்கொண்டு. ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் வெடித்த சத்தம் எமது வீட்டு ஜன்னல் வரை வந்தது. அதற்குப் பிறகு 'கடவுளின் பெயரால் தேவாலயம் எரியட்டும்' என்பதை நேராகவோ தலைகீழாகவோ எந்த மொழியிலும் பகிடியாகக் கேட்க எம்மால் முடியாது. மடங்கள், தேவாலயங்கள், யூத ஆலயங்கள், மஸ்ஜிதுகள் என்று எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் சூரா அல்-ஹஜ்ஜின் 40ஆவது வசனத்தை ஜும்ஆவில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. அல்பத்தின் பின்னட்டைக்கென்று 'நோர்வே ஆரிய பிளெக் மெட்டல்' என்ற வாசகத்தை வைத்திருந்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நீக்கினார்கள். அத்தோடு பீஸ்வில் என்ற வெளியீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த அல்பத்தைக் குறை சொல்பவன் யூதத்தனமாக நடக்கிறான் என்ற பொருளில் எழுதினார்கள். கேள்வி எழுந்தபோது, நோர்வே இளைஞர்கள் மத்தியில் அந்தச் சொல் சும்மா மடத்தனத்தைக் குறிக்கும் சொல்தான் என்று விளக்கம் சொல்லி மன்னிப்பும் கேட்டார்கள்.

இதை ஆசிரியர் ஓய்வறையில் சொன்னபோது ஒரு சக ஆசிரியர், "யூதனத்தானே சொன்னான், அதுக்கென்ன?" என்றார். எமது ஊரில் அப்படிக் கேட்பவர்கள் அவர் ஒருவர் மட்டுமல்ல என்பதால்தான் இந்தப் பதிவே. காஸாவில் நடப்பதைப் பார்த்து நித்திரை வராத இரவுகள் எமக்கும் உண்டு. அந்த அநியாயத்தை அநியாயம் என்று எங்கேயும் சொல்வோம். ஆனால் ஒரு சமூகத்தின் பெயரையே வசைச் சொல்லாக்குவதை எம்மால் ஏற்க முடியாது. ஃபென்ரிஸ் வளர்ந்த கொல்பொட்ன் என்ற ஊர் ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1942 நவம்பர் 26ஆம் திகதி அந்த ஒஸ்லோ துறைமுகத்திலிருந்துதான் டோனாவ் என்ற கப்பலில் 500க்கும் மேற்பட்ட யூதர்களை ஏற்றி அனுப்பினார்கள். கிழவர்களும் கைக்குழந்தைகளும் அதில் இருந்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பிடித்துக் கொடுத்தது நோர்வே பொலிஸ். அவர்கள் ஒளஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். உயிரோடு திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்படியான ஊரில் ஐம்பது வருடம் கழித்து அந்தப் பெயரே மடத்தனத்துக்குச் சொல் என்றால், அதைச் 'சும்மா' என்று எப்படி எடுப்பது?

பஸ்ஸில் எம்மைப் பார்த்து 'தம்பியா' என்றும் 'ஹம்பயா' என்றும் சொன்னவர்களும் பகிடிக்குத்தான் என்றார்கள். அளுத்கமையும் திகனையும் எரிவதற்கு முன்னர் எத்தனை வருடம் அந்தப் பகிடி ஓடியது என்று நினைத்துப் பாருங்கள். ஆரியன் என்று ஒருவன் தன் நெஞ்சில் எழுதும்போது அவனுடைய பட்டியலில் யூதனுக்கு அடுத்து நிற்பது யார் என்று எமது பிள்ளை தெரிந்திருக்க வேண்டாமா?

நியாயத்துக்கு இதையும் சொல்லிவிடுகிறோம். அடுத்த வருடம் வந்த அல்பத்தில் தாங்கள் நாசிக் குழுவும் இல்லை, அரசியல் குழுவும் இல்லை என்று எழுதினார்கள். ஆனால் அந்த அல்பத்துக்கு வைத்த பெயர் பன்சர்ஃபவுஸ்ட். அது இரண்டாம் உலகப் போரில் ஜேர்மன் படை பாவித்த டாங்கி எதிர்ப்பு ஆயுதத்தின் பெயர்! ஃபென்ரிஸ் பிறகு பல வருடம் தபால் துறையில் வேலை பார்த்தார். 2015இல் தன் ஊர் உள்ளூராட்சித் தேர்தலுக்கு, பூனையைத் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு வாக்குப் போடாதீர்கள் என்று படம் போட்டும், சனம் போட்டுப் பதில் உறுப்பினராக்கிவிட்டார்கள் என்று அவரே சிரித்துச் சொன்ன கதை உண்டு. மனிதர்கள் மாறுகிறார்கள். ஆனால் 22 வயதில் செய்த அல்பம் அப்படியே இருக்கிறது. எமது தம்பியின் போனுக்கு வந்து சேர்ந்தது அதுதான்.

தம்பியைக் கூப்பிட்டுப் பேசினோம். தகப்பனை முன் விறாந்தையில் இருக்கச் சொல்லிவிட்டு, தனியாக. ஏன் பிடித்தது என்று கேட்டோம். "சேர், படிச்சுப் படிச்சுத் தலை கனக்கிற நேரம் இதப் போட்டா தகரத்தில மழை விழுற மாதிரி இருக்கும். ஒண்டும் யோசிக்க வராது" என்றான். அது சாத்தான் வணக்கம் இல்லை. அது ஓ/எல். பின்னட்டைக் கதை அவனுக்குத் தெரியாது. தலைகீழ்க் குரல் தெரியுமா என்று கேட்டோம். "தெரியும் சேர். கூல் எண்டு நினைச்சன்." சீயோன் தேவாலயத்தைப் பற்றிச் சொன்னோம். அந்த வருடம் அவன் ஐந்தாம் தரம். பாடசாலை மூடிக் கிடந்ததும், சாய்ந்தமருதுச் சத்தம் கேட்டு உம்மா கட்டிலுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அப்ப அந்த மொதப் பாட்டு நல்லமா இல்லையா சேர்?" என்று கேட்டான்.

நல்லம் என்றோம். நாலாவதும் நல்லம் என்றோம். அப்படி நல்லதைச் செய்யத் தெரிந்தவர்களே பின்னட்டையில் அதையும் எழுதினார்கள் என்பதை இரண்டு காதாலும் சேர்த்துக் கேள் என்றோம். ஏழாவதை அழித்தானா இல்லையா என்று கேட்கவில்லை.

போகும்போது தகப்பன், "அப்ப கேக்க விடுறதா சேர்?" என்றார். இரவு பத்து மணிக்குப் பிறகு போன் உங்கள் கையில் இருக்கட்டும், எந்தப் பாட்டு என்பதை நாமும் அவனும் பேசிக்கொள்கிறோம் என்றோம். முழுத் திருப்தியோடு போனார் என்று சொல்ல மாட்டோம்.

குரல் பதிவைப் போட்ட சகோதரர் இதை வாசித்தால் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். உங்களோடு நேரில் பேச நாம் தயார், அஸர் தொழுகைக்குப் பின் எந்த நாளும் வீட்டில் இருப்போம். மற்றவர்கள், பிள்ளை யார் என்று கேட்டு இன்பொக்ஸ் வர வேண்டாம். பின்னூட்டத்தில் ஊகித்துப் பெயர் எழுதினால் அழித்துவிடுவோம்.